பெனால்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஃபேன்டஸி பிரீமியர் லீக் (இங்கிலாந்து லீக் கால்பந்து வீரர்களை வாங்கி அணி அமைத்து, அவர்கள் நிஜமாக ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுக்கும் இணைய விளையாட்டு) குழுவில் முக்கால்வாசிப் பேர் போன வாரம் கோல் போட்டவனைத்தான் இந்த வாரம் வாங்குவார்கள். கடைசி இடத்தில் இருந்த என்னை மேலே ஏற்றியது எக்ஸ்ஜி, அதாவது ஒருவனுக்குக் கிடைத்த வாய்ப்புகள் எத்தனை கோலுக்குச் சமம் என்ற கணக்கு. இதில் ஒரு பெனால்டியே 0.8க்குக் கிட்ட வந்துவிடும், அதனால் அதைக் கழித்துவிட்டு 90 நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறேன், பெனால்டி அடிக்கிற ஆள் என்றால் அது தனி வரவு. அப்புறம் நிமிடங்கள். 60 நிமிடம் ஆடினால்தான் 2 புள்ளி, குறைந்தால் 1. கடைசியில் இறங்குபவன் எவ்வளவு அழகாக ஆடினாலும் வேண்டாம். எக்ஸ்ஜி சமமாக இருந்தால் மிட்ஃபீல்டர்தான், அவர் கோலுக்கு 5, ஃபார்வர்டுக்கு 4. மாமா பையன் இன்னும் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறான், சரி, எனக்கு நல்லதுதான்.