கியோட்டோ போகிறீர்களா? யமாஷினாவில் தங்கிப் பாருங்கள்

இலையுதிர் காலத்தில் கியோட்டோ நகருக்குள் அறை வாடகை எகிறிவிடும். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயிலில் ஒரே ஸ்டேஷன் தள்ளி, 5 நிமிடத்தில் யமாஷினா. சந்தடியில்லாத குடியிருப்புப் பகுதி. ‘ஷின்கைசோக்கு’ விரைவு ரயில் இங்கே நிற்பதுதான் பெரிய வசதி: ஒசாகாவுக்குச் சுமார் 35 நிமிடம், எதிர்த்திசையில் ஹிகோனே நகருக்கு முக்கால் மணி நேரம். இதற்குத் தனி விரைவுக் கட்டணம் கிடையாது. இகோகா என்ற ப்ரீபெய்டு பயண அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். நிஜோ கோட்டைக்கா? தோசாய் மெட்ரோ நேராகவே போகிறது. காலை அலுவலக நேரத்தில் மட்டும் பெரிய பெட்டியோடு ஏறாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது.

அப்புறம், எங்கும் போகாத நாளில் 1890-இல் திறந்த பிவா ஏரிக் கால்வாயோரம் நடந்து பிஷமோன்தோ கோயிலைப் பாருங்கள். மேப்பிள் சிவக்கும் நவம்பர் கடைசியில் அங்கேயும் கூட்டம் உண்டு. ஆனால் கியோட்டோவின் புகழ்பெற்ற கியோமிசு கோயிலில் படுகிற பாடு இல்லை.