வயிற்றில் முதல் குழந்தை, வீட்டில் சிறுநீரகம் பழுதான நாய்: என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும்

கர்ப்பம் உறுதியானதுமே "நாயை எங்கேயாவது விட்டுடுங்க" என்ற பேச்சு பல வீடுகளில் எழும். நாய் நோயாளி என்றால் அந்தப் பேச்சு இன்னும் வலுக்கும். விட வேண்டிய அவசியம் இல்லை. நோயுற்ற நாயைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேலைகளைக் கைமாற்றுவது. கர்ப்பிணிக்கு உண்மையில் ஆபத்தானவை நாயின் சிறுநீர், சில மருந்துகள், நாயின் எடை என்ற மூன்றும்தான். இவற்றை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், தட்டில் சோறு வைப்பது, தடவிக்கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் எப்போதும் போல நடக்கலாம்.

நம் ஊர் நாய்களுக்கு அடிக்கடி வரும் பெரிய நோய்களில் ஒன்று சிறுநீரகச் செயலிழப்பு. அதை வைத்தே இங்கே சொல்கிறோம். புற்றுநோய்க்கு ஊசி போடும் நாய்களுக்கு என்ன மாறும் என்பது மருந்துப் பகுதியில் வரும்.

முதலில், சிறுநீரகம் ஏன் கெட்டது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வேறு எதையும் திட்டமிடாதீர்கள். வயது, உண்ணிக் காய்ச்சல், கர்ப்பப்பையில் சீழ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவை நாயிடமிருந்து நேராக உங்களுக்குத் தொற்றுவதில்லை. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் அப்படியல்ல. எலியின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரிலிருந்து நாய்க்கு வந்து, அதன் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். பிறகு நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையும் அபாயம் உண்டு.

அதனால் கால்நடை மருத்துவரிடம் "லெப்டோ டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்யலாம். மருந்து தொடங்குவதற்கு முன்பே மாதிரி எடுத்தால்தான் முடிவை நம்பலாம். லெப்டோ உறுதியானாலோ, சந்தேகம் மட்டும் இருந்தாலோகூட, நாய்க்கு வழக்கமாக இரண்டு வாரம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்பார்கள். அந்த இரண்டு வாரமும் கர்ப்பிணி நாயின் சிறுநீர் பட்ட தரை, துணி, படுக்கை எதையும் தொடக்கூடாது. அந்தச் சமயத்தில் உங்களுக்குக் காய்ச்சலோ, கெண்டைக்கால் வலியோ, கண் சிவப்போ வந்தால், வீட்டில் லெப்டோ நாய் இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

சிறுநீரைச் சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகுதான் பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். சிறுநீர் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சடைக்கும் புகை வரும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச் சேர்ந்தால் இன்னும் மோசம். இந்த வேலை கர்ப்பிணியுடையது அல்ல.

கருவைப் பாதிக்கும் ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மா பற்றிய பயம் பெரும்பாலும் ஆள் மாறிய பயம். அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுவது பூனை, நாய் அல்ல. நாய்க்குப் பச்சைக் கறி போடாதீர்கள், அது மண்ணில் புரண்டு வந்தால் துடைத்துவிடுங்கள், போதும். குடற்புழுவுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மருந்து கொடுத்து, மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அகற்றிவிட்டால் கவலையில்லை.

மருந்துகள்: இரண்டு டப்பா, இரண்டு அறை

சிறுநீரக நாய்க்கு ரத்த அழுத்தத்துக்கும் புரத இழப்புக்கும் எனலாப்ரில், பெனசெப்ரில், டெல்மிசார்டான் போன்றவற்றை எழுதுவார்கள். இவை கர்ப்பிணியின் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாய்க்கு மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலப்பது வேறு ஒருவர் வேலையாக இருக்கட்டும். வேறு வழியே இல்லையென்றால் கையுறை போட்டு, உடைக்காமல், முழு மாத்திரையாகக் கொடுத்துவிட்டுக் கை கழுவுங்கள்.

கையுறை போட்டாலும் கர்ப்பிணி எடுக்கவே கூடாத சில உண்டு. வயிற்றுப்புண்ணுக்குத் தரும் மிசோப்ரோஸ்டால் கருவைக் கலைக்கும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோபினோலேட், படர்தாமரைக்குத் தரும் கிரீசியோபுல்வின், புற்றுநோய்க்கான சைக்ளோபாஸ்பமைடு, குளோராம்புசில், மெத்தோடிரெக்சேட் எல்லாம் இதே வரிசைதான். பிறப்புறுப்பில் வரும் புற்றுக்கட்டிக்கு வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி போடும் நாய்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. இத்தகைய மருந்துகள் சிறுநீர், மலம், வாந்தி வழியாகவும் வெளியேறும். ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று நாள் கர்ப்பிணி அவற்றை நெருங்கக் கூடாது. எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நாயின் படுக்கைத் துணியைத் தனியாக, இரண்டு முறை துவைக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது நாயைப் பிடித்துக்கொள்ளவும் வேறு ஆள் போகட்டும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் மாத்திரைகள் நாய்க்கு விஷம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பத்து மாத்திரை உள்ள அட்டையை 10 கிலோ நாய் கடித்துத் தின்றுவிட்டால் கிலோவுக்கு 60 மில்லிகிராம். அது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அளவு. முதலில் வாந்தியும் ரத்தபேதியும் வரும், பிறகு சில மணி நேரம் தெளிந்தது போல இருக்கும், அதன் பின் ஈரல் கெடும். தெளிந்த அந்த நேரத்தை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் அப்படித்தான், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். ஆகவே உங்கள் மருந்து பீரோவில், நாயின் மருந்து வேறு அறையில். ஒரே அலமாரியில் இரண்டு தட்டு என்ற ஏற்பாடு தூக்கக் கலக்கத்தில் தவறிவிடும்.

தோலுக்கு அடியில் டிரிப் ஏற்றுவது

சிறுநீரக நாயை வீட்டில் வைத்துப் பார்ப்பதில் கடினமான வேலை இதுதான். இதைக் கணவரோ மாமியாரோ கொழுந்தனோ, பிரசவ நேரத்தில் அந்த வீட்டில் இருக்கப்போகும் ஒருவர், ஏழாம் மாதத்துக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் மருத்துவர் முன்னால் இரண்டு மூன்று முறை செய்து பார்த்த பிறகே வீட்டில் தொடங்க வேண்டும். ஒருவர் போதாது, இன்னொருவரும் பழகியிருக்கட்டும்.

தேவையானவை: மருத்துவர் எழுதிய ரிங்கர் லாக்டேட் பாட்டில், டிரிப் செட், 18 அல்லது 20 எண் ஊசி (18 இளஞ்சிவப்பு, 20 மஞ்சள்), ஸ்பிரிட் பஞ்சு. அளவை மருத்துவர்தான் சொல்வார். பொதுவாக கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது 15 கிலோ நாய்க்கு 150 முதல் 300 மில்லி. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதைத் தோலுக்கு அடியில் ஏற்றக்கூடாது. பெயரை வாசித்த பிறகே மாட்டுங்கள்.

பாட்டிலைப் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் நாய் நடுங்கும், அடுத்த முறை பாட்டிலைப் பார்த்தாலே ஓடும். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டறையைப் பாதி நிரப்பி, குழாயில் காற்று போகும்வரை திரவத்தை ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைத் தூக்கிக் கூடாரம் போலப் பிடித்து, ஊசியின் சரிந்த வாய் மேல்நோக்கி இருக்க, கூடாரத்தின் அடிப்பகுதியில் உடலுக்கு இணையாக உள்ளே செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். பிறகு திருகியைத் திறந்தால், சுமார் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது, எடுத்துவிட்டுப் புது ஊசியால் குத்த வேண்டும். சொட்டு மெதுவானால் ஊசியின் வாய் சதையில் ஒட்டியிருக்கும், ஊசியை லேசாகத் திருப்புங்கள். கெட்டியான பாட்டிலில் பாதியில் நின்றுபோனால் காற்று நுழைய வழியில்லை என்று பொருள், செட்டின் காற்றுத் துவாரத்தைத் திறக்க வேண்டும். முடிந்ததும் தோளில் பெரிய வீக்கம் தெரியும், முன்கால் பக்கம் இறங்கவும் செய்யும். அது சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாளும் வடியாமல் இருந்தாலோ, இருமினாலோ, தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனாலோ அடுத்த டிரிப்பை ஏற்றாமல் மருத்துவரை அழையுங்கள். இதயம் தாங்கவில்லை என்பதன் அடையாளம் அது. ஊசிக்கு மூடி போட முயன்றுதான் பெரும்பாலும் கையில் குத்திக்கொள்கிறார்கள். மூடாமல் கெட்டியான டப்பாவில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணி இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நாயின் தலைப்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. அவர் குரலுக்கு அடங்கும் நாய்களுக்கு அதுவே பாதி வேலை.

எடை, தரை, நடை

தளர்ந்த நாயைத் தூக்கக் குனிவது கர்ப்பிணியின் இடுப்புக்கு ஆகாது. வயிற்றுக்கு அடியில் நான்காக மடித்த துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்தால் நாய் தன் காலிலேயே நடக்கும், அதையும் வேறு ஒருவர் பிடிப்பது நல்லது. மொசைக், டைல்ஸ் தரையில் நாயும் வழுக்கும், நீங்களும் வழுக்குவீர்கள். சிறுநீரக நாய் நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போகும் என்பதால் இரவில் தரையில் ஈரம் இருக்கும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ரப்பர் விரிப்பும் ஒரு இரவு விளக்கும் போடுங்கள். தெருநாய்களைக் கண்டு இழுக்கும் நாயைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நீங்கள் நடத்திச் செல்ல வேண்டாம்.

வளைகாப்பும் தாய்வீட்டுப் பயணமும்

வளைகாப்பன்று நாயை உள்ளறையில் பூட்டி வையுங்கள். காரணம் கூட்டம் மட்டுமல்ல. பாயசத்திலும் தயிர்சாதத்திலும் திராட்சை இருக்கும், கலவை சாதத்தில் புளிசாதம் இருக்கும். திராட்சையிலும் புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கருதப்படுகிறது. பாசத்தோடு ஒரு பாட்டி ஊட்டும் ஒரு கவளம் போதும். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளையும் நாயை வெளியே விடும் முன் கூட்டி அள்ளுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது நாயையும் கூட்டிப்போகலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பதே எங்கள் கருத்து. இடம் மாறினால் சிறுநீரக நாய் சாப்பாட்டை நிறுத்திவிடும், புதிய மருத்துவருக்கு அதன் வரலாறு தெரியாது. பழைய வீட்டில் பழகிய ஆளோடு விடுங்கள். ஒரு நோட்டில் எடை, கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு, மருந்தும் நேரமும், டிரிப் அளவு, இரவில் எடுக்கும் மருத்துவமனையின் எண், செலவுக்கு ஒதுக்கிய தொகை எல்லாம் இருக்கட்டும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முன்பே ஒரு சீட்டு பதிந்து வைத்தால் அவசரத்தில் நேரம் மிச்சம்.

முடிவை முன்பே பேசிவிடுங்கள்

கிரியாட்டினின் 5க்கு மேல் போனால் அது சிறுநீரக நோயின் நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை. பிரசவத் தேதியும் நாயின் கடைசி நாட்களும் ஒரே வாரத்தில் வரக்கூடும். எட்டாம் மாதத்தில் கணவனும் மனைவியும் மருத்துவரும் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் கருணைக்கொலை என்று எழுதி வையுங்கள். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை என்ற ஏழில் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வைத்து வாரம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வலி இல்லாத நாய்க்கு வலிக்கான மதிப்பெண் பத்து. எழுபதுக்கு 35க்குக் கீழே போய், மருந்து மாற்றியும் ஏறாவிட்டால் நாய் கஷ்டப்படுகிறது. பிரசவ வார்டிலிருந்து போனில் முடிவெடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக்கூடாது. நீங்கள் இல்லாமல் அது நடக்கலாமா, பார்க்க வர வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். புதைப்பதாக இருந்தால் நாலடி ஆழம், கிணற்றிலிருந்து தள்ளி. கருணைக்கொலைக்குப் போட்ட ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் வேறு நாய்களும் சாகும்.

குழந்தை வந்த பிறகு

நாய் இருந்தால், குழந்தையின் தூளி இருக்கும் அறையில் அதன் படுக்கை வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். தூங்கும் குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். தொப்புள், வாய், சிசேரியன் தையல் மூன்றையும் நக்க விடக்கூடாது. நோயினால் வெறிநாய்த் தடுப்பூசி தள்ளிப்போயிருக்கலாம். அந்தத் தேதியை நோட்டில் பாருங்கள். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை போக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அந்தத் தடுப்பூசி பாதுகாப்பானதே, தள்ளிப்போடக் கூடாது. டிரிப் ஏற்றும் நேரத்தைக் குழந்தை பால் குடித்துத் தூங்கிய பின் வைத்துக்கொண்டால், ஏற்றுபவருக்கு உதவ இன்னொரு கை வீட்டில் கிடைக்கும்.