பிங் கிராஸ்பி பற்றிய பழைய வானொலி ஆவணத் தொடர்கள்: கேசட்டிலிருந்து கணினிக்கு, அங்கிருந்து மற்ற ரசிகர்களுக்கு

அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் பாட்டுகளுக்கு ஆபத்தில்லை. டெக்கா கம்பெனிக்குப் பாடியதெல்லாம் இசைத்தட்டு, சிடி என்று திரும்பத் திரும்ப வந்துவிட்டது. கைநழுவிப் போய்க்கொண்டிருப்பவை அவரைப் பற்றி வானொலி நிலையங்கள் தயாரித்த ஆவணத் தொடர்கள்தான். கூட வாசித்தவர்கள், பதிவுக்கூடப் பொறியாளர்கள், தயாரிப்பாளர்கள் எல்லாரும் உயிரோடிருந்தபோது கொடுத்த பேட்டிகள் அவற்றில்தான் இருக்கின்றன. அந்தக் காலத்து நிலையங்கள் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். அதனால் சில பகுதிகள், வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் கேசட் வைத்துப் பிடித்த ரசிகரிடம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

எனவே காப்பாற்ற வேண்டியது முழு ஒலிபரப்பையும். அறிவிப்பாளர் பெயர் சொல்வது, விளம்பரம், நேரம் காட்டும் ஒலி, அடுத்த நிகழ்ச்சியின் முதல் வரி எதையும் வெட்ட வேண்டாம். எந்த நாள், எந்த நிலையம் என்பதற்கான சாட்சி பெரும்பாலும் அந்த ‘வேண்டாத’ துண்டுகளில்தான் இருக்கும். தேய்ந்த ஒலியில் வரும் பாட்டை எடுத்துவிட்டு சிடியிலிருந்து சுத்தமான பாட்டை ஒட்டிப் பகிர்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அது ஆவணமே இல்லை.

ஓடவிடுவதற்கு முன்

கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை முதலில் உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு கேசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், ஹெட்டுக்கு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் காந்தத் தலைக்கு) எதிரே இருக்கும் சிறு பஞ்சுத் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் ஒழுங்காக அழுந்தாது. ஒலி மங்கி மங்கி வரும். திருகு போட்ட கூடு என்றால் திறந்து, வேறொரு கேசட்டின் பஞ்சை மாற்றலாம். ஒட்டுப்போட்ட கூட்டை நெம்பித் திறந்து, நாடாச் சுருளை நல்ல கூட்டுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பல்லாண்டு கிடந்த சி-60, சி-90 (எண் மொத்த நிமிடங்களைக் குறிக்கும்) கேசட்டை ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றினால் ஒட்டிய சுற்றுகள் தளரும். சி-120க்கு இது கூடாது. சி-60 நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-120 நாடாவோ அதில் பாதி. வேகமாகச் சுற்றினால் இழுபடும், மடியும். அதைச் சாதாரண வேகத்தில் ஒரே தடவை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே பதிவெடுத்துவிடுவது நல்லது.

ஹெட்டையும் நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் கம்பியையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால், பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். நாடாவைக் கம்பியோடு அழுத்தும் ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து கெட்டிப்படும். அதற்கு ஈரத்துணி போதும்.

ஸ்பூல் டேப் (கூடில்லாமல் திறந்த வட்டில் சுற்றிய நாடா) கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருளின் வழியே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது அசிடேட். தெரியாவிட்டால் பாலியெஸ்டர். அசிடேட்டில் காடி (வினிகர்) நெடி வந்தால் அடிப்படலமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, முதல் வேலையாக அதைப் பிரதியெடுங்கள். பின்பூச்சு உள்ள 1970, 80களின் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு வேறு நோய்: ஈரம் உறிஞ்சி, கிறீச்சிட்டு, ஹெட்டில் பிசினாக ஒட்டும். ஆம்பெக்ஸ் கம்பெனியின் 406, 456 நாடாக்கள் இரண்டும் இதற்குப் பேர்போனவை. சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சீராகச் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓடும். சமையலறை அடுப்பில் வெப்பம் ஏறி இறங்கும் என்பதால் இதைப் பழக்கப்பட்டவரிடம் விட்டுவிடுங்கள். அசிடேட்டை எக்காரணம் கொண்டும் சூடாக்கக்கூடாது. அதே ஆம்பெக்ஸ் கம்பெனியில் கிராஸ்பி 50,000 டாலர் போட்டதால்தான் 1948இல் அவருடைய வானொலி நிகழ்ச்சி அமெரிக்க டேப் இயந்திரத்துக்கு மாறியது. அந்தக் கம்பெனியின் பிற்கால நாடாக்களோடு அவருடைய ரசிகர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது விதியின் குறும்புதான்.

ஸ்பூல் டேப்பில் பேச்சுக்கு அடியில் யாரோ தலைகீழாகப் பேசுவது கேட்டால் பயப்பட வேண்டாம். நான்கு தடங்களாகப் பதிந்த கால்தட நாடாவை, இரண்டு தடத்துக்கான அரைத்தட ஹெட்டில் ஓட்டுகிறீர்கள்; மறுபக்கத் தடமும் சேர்ந்து கேட்கிறது. இயந்திரத்தை மாற்றுங்கள்.

அசிமத்: பலரும் தாண்டிப் போகும் படி

அசிமத் என்பது நாடாவைப் பொறுத்து ஹெட் நிற்கும் சாய்வு. கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 0.00476 மி.மீ. மட்டுமே. பதிந்த இயந்திரத்தின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் (கேசட் ஓட்டும் இயந்திரத்தின்) சாய்வும் இழையளவு மாறினாலும் உச்ச ஒலிகள் போய்விடும். கிராஸ்பி மைக்குக்கு நெருங்கி நின்று, குரலை உயர்த்தாமல் பாடியவர். சொல் முடியும் இடத்து மூச்சும், உதட்டோரத்து மெய்யெழுத்தும்தான் அந்தப் பாணி. அசிமத் தவறினால் முதலில் சாவது அதுதான். பின்னால் ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும்.

சரிசெய்யும் முறை இது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகு இருக்கும். காந்தமில்லாத திருப்புளி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள். இடது, வலது சேனல்களை மோனோவாகச் சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டபடி, திருகைச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருபக்கமும் மெல்லத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் திடீரெனக் கூர்மையாகும் இடம் ஒன்று வரும். அதுவே சரியான இடம். ஸ்டீரியோவாகக் கேட்டுச் செய்தால் அந்த இடம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மோனோவில் இரு சேனல்களும் கட்டம் (அலைகள் ஏறி இறங்கும் நேரம்) பிசகும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் காதுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். இரண்டாம் பக்கம் திருப்பியதும் மீண்டும் ஒருமுறை.

நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் பற்றிய முடிவு இதற்குப் பிறகுதான். டால்பி பி பதியும்போது உயர்த்திய உச்ச ஒலிகளை, ஓட்டும்போது அவற்றின் அளவைப் பார்த்துத்தான் இறக்குகிறது. மங்கிய ஒலியைக் கொடுத்தால் மேலும் மங்கலாக்கும். டால்பியில் பதிந்ததா என்று உறையில் குறிப்பில்லை, காதுக்கும் உறுதியில்லை என்றால் அணைத்தே பதிவெடுங்கள்.

பதிவெடுத்தல்

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டியின்) லைன் இன்னுக்கு இணையுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி உடையும், பல கணினிகளில் மோனோவாகவும் சுருங்கும். வாக்மன் வடிவில் யுஎஸ்பி வால் தொங்கும் மலிவுக் கருவிகள் வேண்டாம். வேகம் தள்ளாடும், அசிமத் திருகும் எளிதில் எட்டாது. நல்ல நிலையிலுள்ள பழைய டெக் ஒன்றைச் சர்வீஸ் செய்து வாங்குவது மேல்.

ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகாமல் அளவை வையுங்கள். அளவைப் பேச்சில் சோதித்தால் ஏமாறுவீர்கள். விளம்பரமும் முடிவிசையும்தான் சத்தமாக வரும். கணினியின் தானியங்கி ஒலிச் சமன்பாட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேச்சுக்கிடையே வரும் மௌனத்தில் இரைச்சல் பொங்கி எழும்.

மோனோ ஒலிபரப்பாகவே இருந்தாலும் ஸ்டீரியோவாகப் பிடியுங்கள். ஒரு சேனலில் நாடா சேதம் இருந்தால் மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேகம் சரிதானா?

பழைய ரெக்கார்டர்கள் 2, 3 சதவீதம் தப்புவது சாதாரணம். சோதிக்க மூன்று வழிகள்.

முதலாவது, பிபிசி ஒலிபரப்பு என்றால் மணி பிறப்பதை அறிவிக்கும் ஆறு ‘பிப்’ ஒலிகள். அவை 1,000 ஹெர்ட்ஸ், ஒன்றுக்கொன்று சரியாக ஒரு வினாடி இடைவெளி. ஸ்பெக்ட்ரத்தில் (மென்பொருள் காட்டும் அதிர்வெண் படத்தில்) 1,020 என்று காட்டினால் உங்கள் பிரதி 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. இதைவிட நம்பகமான அளவுகோல் கிடைக்காது. நிகழ்ச்சிக்கு வெளியே என்று பிப்பை வெட்டாதீர்கள் என்பதற்கு இதுவும் காரணம்.

இரண்டாவது, மின்சார ஹம் (மின் இணைப்பிலிருந்து கலக்கும் ரீங்காரம்). அமெரிக்காவில் பதிந்ததில் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 50. உங்கள் டெக்கின் சொந்த ஹம்மும் கூடவே பதிவாகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாடா நின்றிருக்கும்போதும் தெரியும் கோடு உங்களுடையது.

மூன்றாவது, இடையில் முழுதாக ஒலிக்கும் பாட்டு. சிடியில் 180 வினாடி, உங்கள் பிரதியில் 176 என்றால் வேகத்தை 2.2 சதவீதம் குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையோ தாளகதியை மட்டும் மாற்றும் கட்டளையோ கூடாது. இரண்டும் சேர்ந்து மாறும் வேகக் கட்டளைதான் சரி. ஒப்பிடுவது ஒரே பதிவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘வைட் கிறிஸ்துமஸ்’ பாட்டை அவர் 1942 மே மாதம் பாடினார். பிரதி அடித்து அடித்து மூலத்தட்டு தேய்ந்ததால் 1947 மார்ச்சில் அதே அமைப்பில் மறுபடி பாடினார். தொடக்கத்தில் புல்லாங்குழலும் செலஸ்டாவும் (மணியொலி தரும் விசைப்பலகைக் கருவி) பளிச்சென்று கேட்டால் பின்னது.

எவ்வளவு சுத்தம் செய்யலாம்

குறைவாக. இரைச்சல் நீக்கி 6 டெசிபலைத் தாண்டினால் மௌனங்களில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு சலசலப்பு எழும். மாதிரி இரைச்சலை எடுக்கும்போது வெறும் நாடா இரைச்சல் உள்ள அரை வினாடியைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு தேய்ந்து முடியும் இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் வயலின்களையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடும். ஹம்மை நீக்க 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஒடுக்கமான வடிகட்டி போதும். அதன் மடங்குகளான 100, 120இல் கை வைத்தால் அந்தப் பாரிடோன் (நடுத்தர ஆண்) குரலின் அடித்தளமே மெலியும். நிலையம் ஒலிபரப்பிய பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் கீறல் ஒலி நிகழ்ச்சியின் பகுதி. அது உங்கள் வேலையல்ல.

சுத்தம் செய்யாத வேவ் கோப்பை அப்படியே வைத்திருங்கள். திருத்தமெல்லாம் நகலில்.

கேசட் திருப்பிய இடத்தில் சில வினாடிகள் போயிருக்கும். மறைத்து ஒட்டாமல் அரை வினாடி மௌனம் விட்டுக் குறிப்பில் எழுதுங்கள். வேறொரு ரசிகர் அதே ஒலிபரப்பைப் பிடித்திருந்தால் அவர் திருப்பிய இடம் வேறாக இருக்கும், இடைவெளியை நிரப்பலாம். இரு நாடாக்களின் வேகமும் ஒத்துப்போகாது என்பதால் விடுபட்ட துண்டை மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.

நாள் கண்டுபிடிப்பது

உறையில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். மறுஒலிபரப்பின் தேதியாகவும் இருக்கலாம். ஒலிக்குள்ளேயே தடயம் தேடுங்கள். கிராஸ்பியை மறைந்தவராகப் பேசினால் 1977 அக்டோபர் 14க்குப் பின். பிபிசி ரேடியோ 2 என்ற பெயர் வந்தால் 1967 செப்டம்பர் 30க்கு முந்தியதல்ல. அதே ரேடியோ 2 ‘1,500 மீட்டர்’ (நீண்ட அலை) என்று அறிவித்தால் 1978 நவம்பர் 23க்கு முன், ஏனென்றால் அன்று அது மத்திய அலைக்கு மாறியது. கடைசி பிப் மற்றவற்றைவிட நீளமாக ஒலித்தால் 1971 கடைசி நாளோ அதற்குப் பின்போ. ஆண்டு வரம்பு கிடைத்ததும், ரேடியோ டைம்ஸ் இதழின் 1923 முதல் 2009 வரையிலான நிகழ்ச்சி நிரலைத் தொகுத்திருக்கும் பிபிசி ஜீனோம் இணையதளத்தில் தேடலாம்.

அறிவிப்பாளர் சொல்லும் கிராஸ்பியின் பிறந்த ஆண்டை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவர் பிறந்தது 1903 மே 3. ஆனால் 1904 என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கல்லறைக் கல்லிலும் அதுதான். அறிவிப்பாளர் 1904 என்றால் அப்படியே விட்டுவிட்டுக் குறிப்பில் சரியானதை எழுதுங்கள்.

பகிர்வு

பகிரும் கோப்பு ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்) ஆக இருக்கட்டும். வேவில் பாதி அளவுதான், தரம் குறையாது, கோப்பு சிதைந்ததா என்று சோதிக்கும் முத்திரையும் உள்ளேயே இருக்கும். கேட்பதற்கு மட்டும் 128 கிலோபிட் மோனோ எம்பி3, மணிக்கு 58 எம்பி. யாரோ அனுப்பிய எம்பி3யைத் திருத்தி மீண்டும் எம்பி3 ஆக்குவதும், அதையே ஃபிளாக்காக மாற்றி அசல்போல் அனுப்புவதும்தான் ரசிகர் வட்டங்களில் நடக்கும் பெரிய கேடு. ஸ்பெக்ட்ரத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எஃப்எம் ஒலிபரப்பு 15இலேயே நிற்கும் என்பதால் அது மட்டும் தீர்ப்பாகாது.

கோப்போடு ஒரு உரைக் குறிப்பு கட்டாயம்:

நிகழ்ச்சி: தொடர் பெயர், பகுதி 3
நிலையம்: அறிவிப்பில் கேட்டபடி
நாள்: 1978-10-?? (உறையில்), ஒலிச் சான்று: 1,500 மீட்டர் அறிவிப்பு
மூலம்: ரேடியோவிலிருந்து நேரடிப் பதிவு, சி-90, முதல் தலைமுறை
ஓட்டம்: டெக் பெயர், டால்பி அணைப்பு, அசிமத் சரிசெய்தது
திருத்தம்: வேகம் 2.2 சதவீதம் குறைப்பு, வேறொன்றுமில்லை
விடுபட்டது: 44:50இல் சில வினாடிகள்

பேசியவர்கள் பெயரும், பேச்சு தொடங்கும் நிமிடமும் கீழே வரட்டும். தேடுபவர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பட்டியல்தான். இதைப் பொதுவில் போடத் தடையில்லை.

ஒலியைப் பொதுவில் ஏற்றுவது வேறு விஷயம். பாட்டுக்கு ஓர் உரிமை, பேட்டிக்கும் எழுத்துக்கும் நிலையத்துக்கு ஓர் உரிமை. அமெரிக்கச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டுப் பாதுகாப்பு. 1957 முதல் 1972 பிப்ரவரி நடுவரை உள்ளவை 2067 பிப்ரவரி வரை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 1962 முடிய வெளியான ஒலிப்பதிவுகள் பொதுவுடைமை. ஆனால் அது பதிவுக்கு மட்டுமே. மெட்டுக்கும் வரிகளுக்கும் இயற்றியவரின் உரிமை தனியே ஓடும். பாட்டை நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் ஏற்றினால் தப்பிக்கலாம் என்பது தவறான எண்ணம், பேச்சும் நிலையத்தின் சொத்து. ஆகவே பட்டியலைப் பொதுவில் வைத்து, பிரதி இருப்பதைத் தயாரித்த நிலையத்துக்கும் ஒரு பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்துக்கும் எழுதுங்கள். நிலையத்திடமே அந்தப் பகுதி இல்லாமலிருக்கலாம். காசுக்கு விற்பது மட்டும் கூடவே கூடாது. அதுவரை ஒத்துழைத்த உரிமையாளர்களும் அதன்பின் கதவைச் சாத்துவார்கள்.

பிரதி எடுத்தாயிற்று என்று அசல் கேசட்டை எறியாதீர்கள். கடைசிவரை ஓட்டி, உறைக்குள் நிமிர்த்தி நிறுத்தி, ஒலிபெருக்கியின் காந்தம் எட்டாத குளிர்ந்த, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். கேசட்டில் எழுதிய எண்ணும் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.