காற்று மாசு வரைபடத்தில் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்

காற்றுத் தர வரைபடத்தைத் திறந்ததும் நம் ஏரியா பச்சையா, சிவப்பா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அது போதாது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். அளவிடும் கருவி உள்ள இடம் புள்ளியாக இருக்கும். புள்ளிகளுக்கு நடுவே பரவிய நிறம் பெரும்பாலும் கணக்குப் போட்டு நிரப்பியது. அருகிலுள்ள புள்ளியே பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் வாசலை ஒட்டிய நெரிசலான சாலையின் புகை அதில் தெரியவே தெரியாது. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு, சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளினாலே நன்றாகக் குறைந்துவிடும்.

அப்புறம், புள்ளியைத் தொட்டு பிஎம் 2.5 அளவைத் தேடுங்கள். பிஎம் 2.5 என்பது காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் விட்டமுள்ள நுண்துகள்கள். இவை நுரையீரலின் ஆழம் வரை போகும். மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம் வரை இவற்றுக்குத் தொடர்பு உண்டு. மாசு அளவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் காற்றுத் தரக் குறியீட்டைக் (ஏக்யூஐ) கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் மைக்ரோகிராம் கணக்கையே பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம்.

ஓடப் போகிறவர்களும் குழந்தைகளை விளையாட அனுப்புகிறவர்களும் மணிவாரி அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காற்று அசையாத குளிர்கால அதிகாலையில் துகள்கள் தரையோடு தங்கிவிடும். வெயில் கொளுத்தும் பிற்பகலில், மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயு தரையருகே ஏறும். பனிமூட்டத்தில் மலிவான கருவிகள் ஈரத்தையும் தூசியாக எண்ணி அதிகம் காட்டலாம். அப்போது அரசு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.