ராத்திரியில் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால்

குடியாத்தம் பக்கம் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம்தான். நள்ளிரவில் மயக்கம் என்று கடன் வாங்கி ஆட்டோ பிடிக்கிற பல வீடுகளில், காரணம் மாத்திரைப் பையிலேயே கிடக்கிறது.

முதலில் அந்த மஞ்சப்பையைப் பாயில் கொட்டுங்கள். சுகாதார நிலையத்து மாத்திரை, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது என எல்லாம் கலந்து கிடக்கும். அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் இரண்டு பெயர் இருந்தாலும் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்தே இருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பங்கு உள்ளே போனால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பையோடு சுகாதார நிலையத்துக்குப் போய், காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அப்புறம் எந்த டாக்டரைப் பார்த்தாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பு. மருமகளோ பேரனோ, யாராவது ஒருவர்; எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

பீடி சுற்றுகிற அக்காக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் சுகர் மாத்திரை போட்டுவிட்டு, "இந்த ஆயிரத்தை முடிச்சிட்டு சாப்பிடறேன்" என்று மூன்று மணி வரை மடியில் முறத்தோடு உட்கார்ந்தால் சுகர் ரொம்ப இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. மறுபடி இறங்கலாம், அதனால் கூடவே ஒருவர் இருக்கட்டும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் நர்ஸிடம் கேளுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-தான்.

நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுவது, மூச்சுத் திணறல், சர்க்கரை கொடுத்தும் தெளியாத மயக்கம்: இதற்கெல்லாம் தாளும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். உடனே 108. போகலாமா வேண்டாமா என்று குழம்புகிற மற்ற விஷயங்களுக்கு 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள் வந்தாலும், பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனாலும் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பினால், டிஸ்சார்ஜ் சீட்டை அலமாரியில் வைக்காமல் அந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போய்ப் பழைய தாளை மாற்றி எழுதி வாங்குங்கள்.