பட்டாம்பூச்சியும் பறவையும் தங்கும் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டம் நிறையப் பூ இருந்தும் வண்ணத்துப்பூச்சிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனவா? குறை பெரும்பாலும் இலையில்தான். தேன் குடிக்கப் பல பூக்கள் ஆகும். முட்டையிடவோ அதன் புழு தின்னும் செடியே வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு, கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை, சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் கை எட்டாத மூலையில் வையுங்கள்.

உன்னிச்செடியில் பூச்சி மொய்ப்பதைப் பார்த்து அதை நாட்டுச்செடி என்று நம்புகிறவர்கள் உண்டு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட களை. பழத்தைத் தின்னும் பறவைகளே விதையை ஊரெல்லாம் பரப்பிவிடும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஓட்டை விழுந்த இலையைக் கண்டதும் மருந்தைத் தேடுவது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் அழகிப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகி, பிறகு கூட்டுப்புழுவாகும். தொட்டிச் செடி சிறியதென்றால் இலை முழுவதும் போய்விடும். இரண்டு மூன்று புழுக்களை மட்டும் விட்டு, மற்றவற்றைப் பெரிய எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும். ‘இயற்கை மருந்துதானே’ என்று அடிக்க வேண்டாம். தேன்சிட்டு பூவில் தேன் குடித்தாலும் குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியும் பூச்சியும்தான். புழு இல்லாத தோட்டத்தில் தையல்சிட்டுக்கும் வேலை இல்லை.

நர்சரிச் செடியில் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிமருந்து தெளித்திருந்தால், அது சாற்றோடு ஏறி மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடும். கேட்டு வாங்குங்கள், ஆவாரையை விதை போட்டே வளர்க்கலாம். விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தத்துக்காகத் தச்சுத்தேனீ வரும். செம்பருத்தி வைத்தால் ஒற்றை அடுக்கு. பல அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறியிருப்பதால் பூச்சிக்குக் கிடைப்பது குறைவு.

முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டால் மண்ணுக்குள் வளை தோண்டும் தனித்தேனீக்களுக்கு இடமிருக்காது. வெயில்படும் ஓரத்தில் இரண்டு சதுர அடி வெறும் மண்ணைக் கொத்தாமல் விடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டு, இரண்டு நாளுக்கொரு முறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசுதான் முதலில் குடியேறும். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். வரியன் இனத்து ஆண்கள் இணைசேரத் தேவையான வேதிப்பொருளை அந்தச் சருகிலிருந்தும் உறிஞ்சும்.