தேன் எந்தப் பூவோடது? வீட்டிலேயே பார்க்கலாம்

‘பாபநாசம் மலைத்தேன்’ என்று புட்டியில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது எந்தப் பூவோ! தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனை தேனின் கெட்டியைத்தான் காட்டும். பூவைக் காட்டுவது மகரந்தம்.

முதல் வேலை, பூ சேர்ப்பது. இதை விட்டுவிட்டு நேரே தேனைப் பார்த்தால் எல்லாமே மஞ்சள் உருண்டைதான். நானும் ஒரு வாரம் அப்படி முழித்தவன். தேன்பெட்டியைச் சுற்றிப் பூக்கிற முருங்கை, வேம்பு, புளி, தென்னை, அலகுப்பனை (ஆண்பனை), உடைமரம் எதையும் விடாதீர்கள். மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். தென்னையிலும் பனையிலும் ஒற்றை நீளப் பள்ளம் இருக்கும். சூரியகாந்தி முள்ளுருண்டை. உடைமரத்தில் பெரும்பாலும் 16 மகரந்த மணி ஒட்டி, குட்டிப் பந்தாகக் கிடக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அடுத்து, 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒல்லியான சோதனைக் குழாயில் ஊற்றி, ஃபிரிட்ஜில் ஓரிரவு வையுங்கள். மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, அடிவண்டலில் ஒரு சொட்டு தகட்டில்.

நுண்ணோக்கியில் 300 மகரந்த மணி எண்ணுங்கள். ஒரே செடியுடையது 45 சதவீதம், அதாவது 135க்கு மேல் இருந்தால் ஒருபூத்தேன் என்பது பொது வழக்கம்.

ஆனால் புளியங்குடிப் பக்கம் வாங்கிவந்துவிட்டு, “அண்ணாச்சி, எலுமிச்சைத் தேன்னு சொன்னிய, எலுமிச்சையவே காணுமே” என்று சண்டைக்குப் போகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தேன்களில் அந்த மகரந்தம் இயல்பாகவே குறைவு. 10, 20 சதவீதமே போதும் என்பார்கள். குமரிப் பக்கத்து ரப்பர்த் தேன் இன்னும் மோசம். அங்கே தேனீ உறிஞ்சுவது பூவில் அல்ல, மூன்று சிற்றிலைகள் சேருமிடத்துச் சுரப்பியில். தகட்டில் தெரிவதெல்லாம் பக்கத்துத் தோப்பு மகரந்தம்தான்!

இங்கேதான் செடி தேனுக்குள் விட்டுப்போகிற வேதிப்பொருள்கள் உதவுகின்றன. ஆரஞ்சு, எலுமிச்சை வகைத் தேனில் ஹெஸ்பெரிட்டின், மெத்தில் ஆந்த்ரனிலேட். நியூசிலாந்து மனுக்கா தேனில், பூவின் மதுவிலிருந்த பொருள் தேனுக்குள் மாறி உண்டாகிற மெத்தில்கிளையாக்சால். ஹெஸ்பெரிட்டின் போன்ற ஃபிளேவனாய்டு எல்லாம் பூவிலிருந்தே வந்ததென்று நினைக்கவேண்டாம்; கூட்டில் பூசிய தேனீப்பிசினிலிருந்தும் கொஞ்சம் கலக்கும். இதைப் பிரித்தறிய, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கிற நிறப்பிரிகைக் கருவி வேண்டும், அது ஆய்வகத்து வேலை. மாதிரி அனுப்பும்போது எடுத்த ஊர், மாதம், அப்போது பூத்திருந்த மரங்கள் மூன்றையும் எழுதி, நீங்கள் வரைந்த மகரந்தப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.